வீட்டிலிருந்தே வணிகப் பட்டம்: எங்கள் பிள்ளைகளுக்கு எந்த வழி சரி?

பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வெளியாகி ஒரு கிழமைக்குள் எங்கள் வீட்டு விறாந்தைக்கு யாராவது ஒரு பிள்ளை வந்துவிடும். களுவாஞ்சிகுடியில் ஏ.எல். கொமர்ஸ் பிள்ளைகளுக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் வருகிறார்கள். "சேர், கம்பஸ் கிடைக்கல்ல. வேலை செஞ்சுகிட்டே ஒன்லைன்ல பிஸ்னஸ் டிகிரி ஒண்டு செய்ய ஏலுமா? எது நல்லம்?"

கடைசியாகக் கேட்டவள் மண்டூர்ப் பிள்ளை. குருமண்வெளித் துறைக்கு வரும் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) ஏறி இக்கரைக்கு வந்து, பஸ் பிடித்துக் கல்முனைக்குப் போய், ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடுகிறாள். போனில் நான்கு பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். ஒன்று, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம். இரண்டாவது, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம், அதாவது பதிவுசெய்துவிட்டு வெளியே இருந்து படித்துப் பரீட்சை எழுதுவது. மூன்றாவது, கட்டணமே இல்லை என்று சொல்லும் அமெரிக்காவின் யூனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிள். நான்காவது, கொழும்பில் உள்ள ஒரு தனியார் நிறுவனம் சூம் வழியாக நடத்தும் வெளிநாட்டுப் பட்டம். அன்று அவளோடு உட்கார்ந்து கதைத்ததைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மணித்தியாலக் கணக்கு. இதைப் பிள்ளைகள் யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்ற எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். 5ஆம் மட்டத்துப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், 6ஆம் மட்டத்துச் சிறப்புப் பட்டத்துக்கு 120. திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம் இரண்டாவது வகை. அதாவது 6,000 மணித்தியாலம்.

அவளுடைய கிழமையை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். கடை ஆறு நாள். வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி. ஐந்து இரவுகள் இரண்டிரண்டு மணித்தியாலம், ஞாயிறு ஆறு. மொத்தம் 16. 6,000ஐ 16ஆல் பிரித்தால் 375 கிழமை, ஏழு வருடத்துக்கு மேல். 90 கிரெடிட் என்றாலும் ஐந்து வருடத்தைத் தாண்டும். அவள் பேனையை வைத்துவிட்டாள். எனக்கும் மனம் கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்தக் கணக்கை இப்போது பார்க்காமல் சேர்ந்து, இரண்டாம் வருடத்தில் மூச்சுமுட்டி விட்டுவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

சரி, வெளிநாட்டு வழியில் இது குறையுமா? யூனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிளில் இளமாணிப் பட்டத்துக்கு 40 பாடங்கள். வருடத்துக்கு ஐந்து தவணை, ஒவ்வொன்றும் ஒன்பது கிழமை. ஒரு பாடத்துக்கே கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் போல ஒதுக்கச் சொல்கிறார்கள். அவளிடம் இருக்கும் 16 மணித்தியாலத்துக்கு ஒரு தவணையில் ஒரு பாடம்தான் எடுக்கலாம். வருடத்துக்கு ஐந்து பாடம் என்றால் 40 பாடத்துக்கு எட்டு வருடம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆகவே "ஒன்றரை வருடத்தில் டிகிரி" என்று யாராவது போன் எடுத்தால், மீதி மணித்தியாலம் எங்கே போனது என்று கேளுங்கள். ஏற்கெனவே எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமா முடித்தவருக்குக் கடைசி வருடத்தை மட்டும் சேர்த்துக் கொடுக்கும் டொப்-அப் ஆக இருந்தால் அது வேறு விஷயம். ஏ.எல். முடித்த கையோடு போகிற பிள்ளைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அடுத்தது மொழி. இந்தப் பிள்ளை தமிழில் அட்டுறு செலவையும் பெறுமானத் தேய்வையும் சீராக்கி ஐந்தொகை சமப்படுத்துவதைப் பார்த்தால் கை நிற்காது. அதே கணக்கை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் 'அக்ரூட்' என்ற சொல்லில், அதாவது அதே அட்டுறு என்ற இடத்தில், பேனை நின்றது. கணக்குத் தெரியாமல் இல்லை, சொல் தெரியாமல்தான் நின்றாள். அமெரிக்க வழியில் இது பெரிய தடை. அங்கே ஒவ்வொரு கிழமையும் எழுத்து வேலை இருக்கிறது: கலந்துரையாடலில் எழுத வேண்டும், ஒப்படை எழுத வேண்டும், மற்ற மாணவர்களின் ஒப்படைக்கு நீங்களே புள்ளியும் கருத்தும் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டத்திலும் ஆங்கிலம் இல்லாமல் நகர முடியாது. ஆனால் அச்சிட்ட பாடநூல் கையில் இருக்கும். ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதி, ஒரு பக்கத்தை மூன்று முறை வாசிக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வெளிவாரிப் பட்டங்களில் சிலவற்றைத் தமிழ்மொழிமூலமும் எடுக்கலாம். விண்ணப்ப அறிவித்தலில் மொழிமூலம் என்ற வரியை முதலில் தேடிப் படியுங்கள், கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம்.

தமிழில் படிக்கலாம் என்பதற்காக மட்டும் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்ல மாட்டேன். வங்கியோ கணக்காய்வு நிறுவனமோ, வேலைக்குப் போனால் ஆங்கிலம் வேண்டும். இரண்டு வருடம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டத் தயார் என்றால் திறந்த பல்கலைக்கழகம்தான் நல்ல இடம். குடும்பப் பொறுப்போடு, ஏற்கெனவே ஓர் அரச வேலையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடுகிற அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் தமிழ்மொழிமூல வெளிவாரி போதும்.

இனிப் பரீட்சையும் மழையும். எங்கள் பக்கத்தில் இவை இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான்பாயும், மண்டூர் இருக்கிற வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் வீதிகள் தண்ணீருக்குள் போகும், கரண்ட் போகும், டவர் பற்றரி இறங்கியதும் சிக்னலும் போகும். 2024 நவம்பரில் ஏ.எல். பரீட்சையையே மழை வெள்ளத்தால் இடையில் நிறுத்தினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கிழமை வியாழனில் தொடங்கிப் புதன் இரவு 11.55க்கு முடிகிறது. அது அவர்களுடைய நேரம். எங்களுக்கு அது வியாழன் காலை 10.25. அந்த நேரம் இவள் கடையில் சீமெந்துக்கும் கம்பிக்கும் பில் போட்டுக்கொண்டிருப்பாள். அப்படியென்றால் புதன் இரவே எல்லாம் அனுப்பியாக வேண்டும். புதன் இரவு கரண்ட் இல்லையென்றால்?

அவள் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். குசினி ஜன்னல் கம்பியில் ஒரு சொப்பிங் பேக் கட்டி, அதற்குள் போனை வைத்திருந்தாள். அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் இரண்டு கோடு வரும். போனில் ஹொட்ஸ்பொட் போட்டுவிட்டு, அண்ணனிடம் இரவல் வாங்கிய லெப்டொப்பைத் தரையில் வைத்துப் படிக்கிறாள். கமராவுக்கு முன்னால் இணைப்பு அறாமல் உட்கார்ந்து எழுதுகிற ஒன்லைன் பரீட்சை இந்த ஜன்னலை நம்பி எழுதுகிற பரீட்சை அல்ல. மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. படுவான்கரைக்கு இது பெரிய விஷயம்.

திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. பாடங்கள் இணையத்திலும் உண்டு, நேரில் போய் இருக்கிற டே ஸ்கூலும் உண்டு. ஒப்படைகளிலும் இடைநிலைப் பரீட்சைகளிலும் தேறினால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி கிடைக்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் அதன் பலமாகத் தெரிகிறது, வருடம் முழுக்கப் பிள்ளையைப் படிப்போடு கட்டி வைக்கிறது. வெளிவாரியில் அந்தப் பிடி தளர்வு. பரீட்சை ஒலுவிலில் அல்லது கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையில் நடந்தால் போய்வருவது லேசு, ஆனால் அடுத்த பரீட்சை எப்போது, பெறுபேறு எப்போது என்று காத்திருக்க நேரிடும். நானும் வெளிவாரிதான் செய்தேன், எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. இரண்டாம் வருடப் பெறுபேறு வர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தச் சான்றிதழ் கையில் இல்லாததால் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக முடியாமல் போனது. இன்றைக்கும் அது மனதில் உறுத்துகிறது. அதனால்தான் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், முந்திய இரண்டு பிரிவுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து "எத்தனை வருடத்தில் முடித்தீர்கள்?" என்று கேட்கச் சொல்கிறேன்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வழியையும் சிலர் கேட்கிறார்கள். 1858இலிருந்து வெளியூர் மாணவர்களுக்குப் பட்டம் கொடுத்துவரும் பழைய இடம், தரத்தில் குறை சொல்ல ஏதும் இல்லை. கட்டணம் பவுணில். பரீட்சைக்குக் கொழும்புக்குப் போய்த் தங்க வேண்டும், இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ஆங்கிலமும் வசதியும் உள்ள பிள்ளைக்கு நல்லது.

காசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க வழியில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணம் நூறு டொலருக்கு மேல். 40 பாடத்துக்கு நாலாயிரம் டொலரைத் தாண்டும், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு லட்சம். 2022இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அப்போது பாதிப் படிப்பில் இருந்த பிள்ளைக்கு மீதிப் பாடங்களின் விலை ஒன்றேமுக்கால் மடங்காகியிருக்கும். எட்டு வருடப் படிப்பை டொலரில் கட்டுவது என்றால் இதையும் நினைக்க வேண்டும். ரூபாயில் கட்டுகிற திறந்த பல்கலைக்கழகத்திலும் வெளிவாரியிலும் இந்தப் பயம் இல்லை.

"மறுகா வேல தேடக்குள்ள ஏத்துக்குவாங்களா சேர்?" என்று கேட்டாள். அரச பல்கலைக்கழகப் பட்டம் என்றால் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்கோ ஆசிரியர் நியமனத்துக்கோ விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகு காசு கட்டுங்கள். கொமன்வெல்த் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலையும் வைத்துத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். கொழும்புத் தனியார் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும்? தங்கள் சொந்தப் பட்டம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி இருக்க வேண்டும், வெளிநாட்டுப் பட்டம் என்றால் மேலே சொன்ன பட்டியல். இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்லாமல் கழிவு விலையைப் பற்றிக் கதைத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

தனியார் கம்பனியிலோ, வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வேலை செய்ய நினைக்கிற, ஆங்கிலத்தில் சரளமாக எழுதுகிற பிள்ளைக்கு அமெரிக்க வழி நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு நாட்டுக்காரர்களோடு எழுதிப் பழகுவது பெரிய பயிற்சி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மண்டூர்ப் பிள்ளைக்கு நான் சொன்னது திறந்த பல்கலைக்கழகம். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஏழு வருஷமெண்டாலும் பரவால்ல சேர், அந்த ஏழு வருஷம் எப்பிடியும் போகத்தானே போகுது" என்றாள். முதல் வருடத்துக்குப் பாதிப் பாடங்களை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதை ஏறி வருகிறாள். நான் ஆங்கிலத்தில் ஒரு கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். 'அக்ரூட்' என்ற இடத்தில் இப்போது பேனை நிற்பதில்லை, 'ப்ரொவிஷன்' என்ற இடத்தில் நிற்கிறது.