யெஸ்டிக்குப் பல்சர் கால்: ஜே.சி. ரோடு பட்டறை அனுபவம்

அப்பாவின் பைக் யெஸ்டி ரோட்கிங், மைசூரில் தயாரான வண்டி. முன் டிரம் பிரேக்கை நம்பி பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நிற்க முடியவில்லை. அதனால் டிஸ்க் பிரேக்கோடு பல்சர் பைக்கின் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்) மாட்ட, ஜே.சி. ரோட்டுச் சந்து ஒன்றில் இருக்கும் சின்னப் பட்டறைக்குப் போனேன். கிருஷ்ணகிரிக்கார அண்ணன் வைத்திருக்கிறார்.

"தம்பி, ஃபோர்க் மாட்டுறது பெருசில்ல, ஸ்டெம்தான் வேலை" என்றார். ஃபோர்க்கை ஃபிரேமோடு இணைக்கும் தண்டுதான் ஸ்டெம்; பல்சர் ஸ்டெம் நம் ஃபிரேமுக்கு உட்காராது. பழைய யெஸ்டி ஸ்டெம்மைப் பிரஸ்ஸில் கழற்றி, பல்சரின் கீழ்த் தட்டுக்குப் பொருந்துமாறு லேத்தில் கடைந்தார். கை வைத்துப் பார்த்தால் துளி ஆட்டம் இல்லை. அந்தத் தண்டு திரும்பும் பேரிங்கான கோன் செட்டும் புதிது.

குறை இல்லாமல் இல்லை. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஃபோர்க் டேங்க்கில் இடித்தது. பெயின்ட் பெயர்ந்த பிறகுதான் கவனித்தேன். ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கும் லாக் ஸ்டாப்பரில் துண்டு வெல்டு வைத்துச் சரிசெய்தார், பெயின்ட் செலவு என் தலையில். இரண்டு நாள் என்றது ஒன்பது நாள் ஆனது (டீ மட்டும் தாராளம்).

கூலி 5,500 ரூபாய், உதிரிபாகம் தனி. பிரேக் இப்போது பிடித்தால் நிற்கிறது. ஓசூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஹேண்டில் நடுங்கவில்லை. அடுத்து பின் ஷாக்குக்கும் அவரிடம்தான், ஆனால் டேங்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு.