டேபிள் சா அலைன்மென்ட்: பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டிலோ சின்னப் பட்டறையிலோ டேபிள் சா (மேஜைக்கு மேல் வட்ட பிளேடு எழும்பி நிற்கும் மர அறுப்பு மிஷின்) வைத்து வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அலைன்மென்ட் (பிளேடையும் மற்ற பாகங்களையும் நேராக்குவது) என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் போனார். அவர் விட்டுப்போன மிஷின், வருவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் இருந்தது. என் மச்சான் வயிற்றில் தேக்குச் சட்டம் பாய்ந்து அடித்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. உள்காயம் இல்லை, வெறும் ரத்தக்கட்டுதான் என்று டாக்டர் சொல்லும்வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எங்களுடையது 10 அங்குல பிளேடு போடுகிற சாதாரண ரகம், மோட்டாரும் பிளேடும் மேஜைப் பலகையின் அடியிலேயே பிடித்துத் தொங்கும். மைக்கா ஒட்டிய பிளைவுட்டை அறுத்தால் ஓரம் பிசிறாக வந்தது, தேக்கை நீளவாக்கில் அறுத்தால் ஒரு பக்கம் கருகியது. வாங்கின கடையில் சொன்னோம், ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் கையில் இருந்தது ஒரு டேப்பும் ஸ்பேனர்களும் மட்டும். ஃபென்ஸுக்கும் (மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான பக்கத் தடுப்பு) பிளேடின் முன்பக்கத்துக்கும் நடுவே டேப் பிடித்தார், பின்பக்கம் கண்ணால் பார்த்துவிட்டு ஃபென்ஸை இரண்டு தட்டு தட்டினார். "பிளேடு மழுங்கிடுச்சு சார்" என்று புது பிளேடு ஒன்றைப் போட்டு அதற்குத் தனியாகக் காசு வாங்கினார், பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டார். அப்புறம் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃப் என்ற பாதுகாப்புத் தகட்டையும் கழற்றிவிட்டார். அது புது பிளேடுக்கு இடைஞ்சலாம், யாருமே போடுவதில்லையாம். பில்லில் எழுதியது ஒரே வரி: அலைன்மென்ட் செய்யப்பட்டது.

மறுநாள் தேக்குச் சட்டத்தை உள்ளே தள்ளும்போது பாதியிலேயே புகை வந்தது, மச்சான் கையை விலக்குவதற்குள் சட்டம் திரும்பிப் பறந்துவிட்டது. கடைக்கு போன் போட்டால் "மரம் ஈரமா இருந்திருக்கும்" என்றார்கள். ஈர மரம் அறுக்கும்போது பிளேடைப் பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் நாங்கள் அறுத்தது பழைய வீட்டுக் கதவிலிருந்து கழற்றிய தேக்கு. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள்.

பக்கத்து லேத் பட்டறை அண்ணன் டயல் கேஜ் (நுண்ணிய அளவை முள்ளால் காட்டும் கருவி) எடுத்துக்கொண்டு வந்தார். அவர் முதலில் பார்த்தது ஃபென்ஸை இல்லை, மேஜையில் முன்பின்னாக ஓடும் மைட்டர் காடியை (குறுக்கே அறுக்க மரத்தைப் பிடித்துத் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடும் பள்ளம்). அதுதான் நகராத கோடு, மற்ற எல்லாவற்றையும் அதற்குத்தான் நேர் பார்க்க வேண்டும். பிளேடின் ஒரு பல்லில் மார்க்கரால் குறி வைத்து, அந்தப் பல் முன்னால் இருக்கும்போது காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தார், பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். ஒரே பல்லை ஏன் பிடிக்க வேண்டும் என்றால், பிளேடிலேயே லேசான நெளிவு இருந்தாலும் இரண்டு பக்கமும் அது ஒரே அளவில் வரும், கணக்கைக் கெடுக்காது. 0.1 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல வேலைக்குப் போதும். எங்கள் மிஷினில் 0.6 வந்தது. ஃபென்ஸ் அதைவிட மோசம், பின்பக்கம் பிளேடை நோக்கி 1 மி.மீ. உள்ளே சாய்ந்திருந்தது.

பிளேடின் முன்பற்கள் மரத்தைக் கீழே அழுத்தி வெட்டும், பின்பற்கள் மேஜைக்குள்ளிருந்து மேலே எழும்பும். ஃபென்ஸ் பின்னால் நெருங்கியிருந்தால் மரம் போகப்போக அந்தப் பின்பற்கள்மேல் நெருக்கப்படும், முதலில் உரசிக் கருகும், பிடி கிடைத்துவிட்டால் தூக்கி நம் மேலேயே எறியும். அறுபட்ட பிளவு மூடாமலும் மரம் அந்தப் பற்களை நோக்கி நகராமலும் தடுப்பதற்காக இருக்கும் தகடுதான் ரைவிங் நைஃப். அதைத்தான் அவர் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இதை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

பிளேடைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. எங்கள் ஷாஃப்ட் 25.4 மி.மீ., அவர் போட்டது 30 மி.மீ. துளையுள்ள பிளேடு. நடுவில் அளவான ரிங் போட வேண்டும், கடையில் கிடைக்கிற சாமான்தான். அவர் தகரத்தைக் கீற்றாக வெட்டிச் சுற்றியிருந்தார். துளை நடுவில் உட்காரவில்லை என்றால் பிளேடு வட்டமாகச் சுற்றாது, சில பற்களே முழு வேலையையும் செய்யும், மிஷின் அதிரும்.

சரிசெய்தது நாங்களே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேஜையின் அடியில் ட்ரன்னியனை (மோட்டாரையும் பிளேடையும் தாங்கும் பாகம்) பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்றை மட்டும் இறுக்கமாக விட்டு மற்றவற்றை லேசாகத் தளர்த்தி, மரக்கட்டை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி அளந்தோம். இறுக்கும்போது மறுபடி நகரும், அதனால் இறுக்கிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். (பெட்டி மாதிரி இரும்பு உடல் உள்ள பெரிய மிஷின்களில் ட்ரன்னியன் அந்த உடலோடு இருக்கும், அங்கே மேஜைப் பலகையைத்தான் நகர்த்த வேண்டும்.) பிறகுதான் ஃபென்ஸ். காடிக்கு நேராக வைத்து, பின்பக்கத்தை ஒரு மயிரிழை, அதாவது 0.05 மி.மீ. போல, பிளேடிலிருந்து விலக்கி வைத்தோம். பிளேடை 45 டிகிரி சாய்த்தும் ஒருமுறை பார்த்தோம். ஃபென்ஸை மட்டும் கோணல் பிளேடுக்கு நேராக்கினால் நீளவாக்கு அறுப்பு ஓரளவு வந்துவிடும், மைட்டர் கேஜ் வைத்துக் குறுக்கே அறுக்கும்போது பின்பல் உரசி ஓரத்தைக் கெடுத்துவிடும். அவர் காடியைத் தொடவே இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

புது பிளேடும் சரியான ரிங்கோடு வாங்கினோம். தேக்கு நீளவாக்குக்கு 24 பல், மைக்கா பிளைவுட்டுக்கு 60 பல். ரைவிங் நைஃப் திரும்ப ஏறிவிட்டது. அதன் கனம் பிளேடுத் தகட்டைவிட அதிகமாகவும், பல் வெட்டும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும், வேறு பிளேடு போடும்போதெல்லாம் இதைப் பாருங்கள். இப்போது கருகல் இல்லை. பிளேடைச் சுற்றியுள்ள அகலமான வாய்த்தகடுக்குப் பதில் பிளேடு போகுமளவுக்கு மட்டும் திறப்புள்ள ஒரு பிளைவுட் துண்டு செய்து போட்டதில் அடிப்பக்கப் பிசிறும் அடங்கிவிட்டது.

கடைக்காரர் இன்னும் பணம் தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். தொழிலுக்கு வாங்கிய மிஷினுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அவர் வாதாடினார், அது முழு உண்மை இல்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் 2019 சட்டப்படி நாமும் நுகர்வோர்தான், பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்.

உங்கள் வீட்டுக்கு இப்படி யாராவது வந்தால், டயல் கேஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், குறைந்தது ஃபீலர் கேஜாவது (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருக்க வேண்டும். பிளேடுக்கும் காடிக்கும், ஃபென்ஸுக்கும் காடிக்கும் உள்ள வித்தியாசத்தை வேலைக்கு முன்பும் பின்பும் மி.மீ.யில் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பழைய பிளேடைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரைவிங் நைஃபைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தால் அங்கேயே வேலையை நிறுத்தி அனுப்பிவிடுங்கள்.