மாதம் நூறு ரூபாய், அறுபது தவணை: பிள்ளைகளோடு ஐந்து வருடச் சேமிப்பு

2020 செப்டம்பரில் மகள் பெயரில் அஞ்சலகத்தில் தொடங்கிய ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) 2025 செப்டம்பரில் முதிர்ந்தது. கட்டியது 6,000 ரூபாய். கைக்கு வந்தது ஏறக்குறைய 6,970. தொகை சின்னதுதான். ஆனால் அதற்குள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டில் காசு பற்றிய பேச்சே மாறிவிட்டது.

முதலில் உண்டியல்தான் வைத்தோம். ஆளுக்கு ஒரு மண் உண்டியல். ஒன்றரை வருடம் கழித்து உடைத்தபோது, அன்று சாயங்காலமே எல்லாம் பொம்மையும் பலகாரமுமாகப் போய்விட்டது. எவ்வளவு இருக்கிறது, எதற்கு என்று தெரியாமல் போடும் காசு பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. அப்புறம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாறினோம். காசு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். என்ன வாங்கப் போகிறோம் என்று அவர்களே சீட்டில் எழுதி ஒட்டினார்கள். ‘ஷட்டில் பேட்’ என்ற சீட்டு நாலு மாதம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு தடவைகூட மகன் அதில் கை வைக்கவில்லை.

வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதையும் முயன்றோம். ஒரு நாள் பாட்டி தண்ணீர் கேட்டதற்கு, “எவ்ளோ தருவீங்க?” என்றான் மகன். அன்றோடு நிறுத்தினேன். இப்போது வாரச் செலவுக்கென்று ஒரு தொகை. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதிகம் கற்றுத் தந்தது நேதாஜி மார்க்கெட்தான். மகளிடம் 200 ரூபாய் கொடுத்து, மூன்று நாளுக்குக் காய் வாங்கு, மீதி உனக்கு என்றேன். மலிவாகக் கிடைத்த வதங்கிய கத்திரிக்காயாகப் பொறுக்கி, 70 ரூபாய் மிச்சம் பிடித்தாள். மறுநாள் நறுக்கினால் பாதி சொத்தை. நான் திட்டவில்லை. அந்த 70 ரூபாயை அவளே எடுத்துவந்து, “திரும்பப் போய் வாங்கலாம்மா” என்றாள். அடுத்த வாரம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை விலை கூடுதலாக இருந்தும் அரைக் கிலோ வாங்கி, வேறு காயைக் குறைத்தாள்.

அஞ்சலகத்தில் பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடலாம். அது அவளுக்குப் பெரிய பெருமை. ஒரு மாதம் தவணையை மறந்துவிட்டோம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாயைத் தன் பாட்டிலில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். பிறகு காலண்டரில் தேதியை வட்டம் போடுவது அவள் வேலையானது. செல்வமகள் திட்டத்தை மட்டும் தவறவிட்டேன், பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும். சின்னப் பெண் குழந்தை இருக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

நடுவில் தீபாவளிச் சீட்டு ஒன்றில் 5,000 ரூபாய் போனது. மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கடைசியில் கணக்கு நோட்டை நடுவில் வைத்து, அந்த வருடம் ஏன் ஆளுக்கு ஒரே துணி என்று என் கணவர் பிள்ளைகளிடம் சொன்னார். “அங்க மட்டும் ஏன்ப்பா அவ்ளோ அதிகமா தர்றேன்னாங்க?” என்று மகள் கேட்டாள். நாங்கள் சேரும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

போன வருடம் மகனும் ஆர்.டி. தொடங்கினான். அவனுக்கு 6.7 சதவீதம், தனக்கு மட்டும் ஏன் 5.8 என்று அக்கா சண்டைக்கு வந்தாள். தொடங்கும் நாளில் உள்ள வட்டிதான் ஐந்து வருடமும் என்று விளக்கினேன். முதிர்ந்த பணத்தில் 6,000-ஐ ஓராண்டு டெபாசிட்டில் போட்டுவிட்டாள்.

இப்போது சிக்கல் ஜிபே. காசு கண்ணில் படாமலே போய்விடுகிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை 2,000 ரூபாயை நோட்டாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டு, வாரத்தின் பால், காய்ச் செலவை அதிலிருந்தே செய்கிறோம். புதன்கிழமை எண்ணிப் பார்ப்பது மகன் பொறுப்பு.