இரண்டு வருடங்களாக என் பேச்சை நானே பதிவு செய்து கேட்கிறேன்

மேடையில் பேசும் ஒவ்வொரு முறையும் செல்போனில் பதிவு செய்து, பிறகு உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் தொடங்கி இரண்டு வருடங்கள் ஆகின்றன. நான் முயன்ற பயிற்சிகளில் இந்த அளவு பயன் தந்தது வேறு இல்லை. ஆனால் தொடங்கிய பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சொந்தக் குரலைக் கேட்க அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால், நமக்கு அது கனமான குரலாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. மற்றவர்கள் எப்போதும் கேட்பது பதிவில் உள்ள குரலைத்தான் என்று புரிந்தபோது கூச்சம் பாதி போனது. மீதி போக பத்துப் பதினைந்து பதிவுகள் தேவைப்பட்டன.

ஆரம்பத்தில் ஒரே தடவையில் எல்லாக் குறைகளையும் எழுதி வைத்தேன். பட்டியல்தான் நீண்டது, பேச்சு மாறவில்லை. இப்போது ஒரு தடவை படத்தைப் பார்க்காமல் கேட்கிறேன், மறு தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். படத்தை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால், திரும்பத் திரும்ப வரும் கையசைவு பளிச்சென்று தெரிந்துவிடும். அப்புறம் ஐந்து நிமிடப் பகுதியை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுவேன். சலிப்பான வேலைதான், ஆனால் விடக்கூடாதது. ஒரு பதிவில் 'வந்து' என்ற சொல் மட்டும் 23 இடங்களில் இருந்தது. பேசும்போது ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நான் கண்டுகொண்ட பெரிய குறை வேறு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிக்கொண்டிருந்தேன். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். செய்யலாமா, கூடாதா, நடந்ததா, நடக்கவில்லையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில். "இந்த மருந்தை வெறும் வயிற்றில் சாப்பிட..." வரை தெளிவாகக் கேட்டு, "கூடாது" காதில் விழாவிட்டால் என்ன ஆகும்! வாக்கியங்களைச் சுருக்கி, நடுவில் மூச்செடுத்து, முடிவு வரை குரலைத் தாங்கிப் பிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

இதைக் கண்டுபிடிக்கவே தாமதமானதற்குக் காரணம் செல்போனை வைத்த இடம். முதல் சில மாதங்கள் என் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அவ்வளவு அருகில் விழுங்கிய சொல்லும் பதிவாகிவிடும். அதோடு, பல செல்போன்கள் மெல்லிய ஒலியைத் தாமாகவே உயர்த்திப் பதிவு செய்யும். கடைசி வரிசையில் வைத்த அன்றுதான் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன கேட்டது என்று தெரிந்தது. நீங்கள் தொடங்குவதாக இருந்தால் முதல் நாளே பின்வரிசையில் வையுங்கள்.

பேசிய அன்றே பதிவைப் பார்ப்பதில்லை. சொல்ல நினைத்தது மனதில் பசுமையாக இருக்கும்போது, சொல்லாமல் விட்டதையும் மனமே நிரப்பிக்கொள்கிறது. இரண்டு நாள் கழித்துக் கேட்டால் விட்டது தெரிகிறது.

இடைவெளி விட்டுப் பேசத்தான் இப்போது பழகுகிறேன். மேடையில் ஒரு யுகமாகத் தோன்றிய மௌனம் பதிவில் ஒன்றரை நொடிதான். போன வாரம் துணிந்து மூன்று நொடி நிறுத்திப் பார்த்தேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்ப்பது பதிவில் இருக்கிறது.