கசடை எரிக்காமல் விட: மில்வாக்கி வழியா, வாஷிங்டன் வழியா?

கழிவுநீர்க் கசடை எரிக்கும் உலையை மூடிவிட்டு வேறு வழி தேடும் நகரங்களுக்கு, அமெரிக்காவிலேயே ஓடிக் காட்டிய இரண்டு வழிகள் உண்டு.

செய்முறை: மில்வாக்கி நகரம் 1926 முதல் கசடைச் சூட்டில் உலர்த்தி, ‘மில்ஆர்கனைட்’ என்ற குருணை உரமாக மூட்டையில் விற்கிறது. தலைநகர் வாஷிங்டனின் புளூ பிளெய்ன்ஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமோ 2015 முதல் கசடை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து, அப்புறம் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்க விடுகிறது.

எரிபொருள்: உலர்த்த நிறைய எரிவாயு வேண்டும். நொதித்தால் மீத்தேன் என்ற எரிவாயு கிடைக்கும். வாஷிங்டனில் அதிலிருந்து சுமார் 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள்.

செலவு: வாஷிங்டன் திட்டத்துக்குச் சுமார் 47 கோடி டாலர். சின்ன ஊருக்குத் தாங்காது.

கையாளுதல்: குருணை லேசு, தூரம் போகும். நொதித்த கசடில் ஈரம் மிச்சம், வயலுக்குக் கொண்டுபோக லாரிச் செலவு கூடும்.

என்னை உறுத்துவது பி.எஃப்.ஏ.எஸ் எனப்படும், எளிதில் சிதையாத தொழிற்சாலை ரசாயனங்கள்தான். இரண்டு வழியும் அவற்றை அழிக்காது. மெய்ன் மாநிலம் 2022-இல் கசடை நிலத்தில் போடுவதையே தடைசெய்தது. எந்த வழியானாலும் இவற்றைத் தொழிற்சாலை வாசலிலேயே தடுத்தாக வேண்டும்.

பெருநகரம், பக்கத்தில் விளைநிலம், கையில் முதலீடு இருந்தால் வாஷிங்டன் வழி. வயல் தொலைவு, உரத்துக்குச் சந்தை உண்டு என்றால் மில்வாக்கி வழி.