ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறினால் வதை குறையுமா? கொடைக்கானல் அடுப்படிக்கு ஓர் ஒப்பீடு

"மட்டனை விட்டாச்சு, இப்ப சிக்கனும் முட்டையும்தான்" என்று சொல்பவர்கள் மலையில் பெருகிவிட்டார்கள். விலை தாங்காமல் விட்டவர்கள் உண்டு, மருத்துவர் சொல்லி விட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆடு கத்துவதைக் கேட்டு மனம் பொறுக்காமல் விட்டவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நான்கு பேர் உள்ள வீடு, ஞாயிறுதோறும் 1 கிலோ கறி. வருடத்துக்கு 52 கிலோ. 2 கிலோ பிராய்லரை உரித்துச் சுத்தம் செய்தால் 1.3 முதல் 1.4 கிலோ தேறும். ஆக வருடத்துக்குச் சுமார் 38 கோழிகள். 25 கிலோ வெள்ளாட்டில் 12 கிலோ கறி தேறும். அதே 52 கிலோவுக்கு நான்கு ஆடும் ஐந்தாவதில் ஒரு பங்கும் போதும். ஆட்டுக்கறி கோழியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் விலை விற்பதால், அதே பணத்துக்கு வாங்குகிறவருக்கு ஒன்றரை ஆட்டுக்கு மேல் கிடைக்காது. 38 உயிருக்கு எதிரே ஒன்றரை உயிர். எண்ணிக்கை ஒன்றே நியாயத்தைத் தீர்மானிக்காது என்பது சரிதான். ஆனால் அந்த உயிர் எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கோழியின் பக்கம் இன்னும் மோசமாகிறது.

பிராய்லர்

பழனி மலைக்கு வடக்கே கண்ணுக்கெட்டும் சமவெளிதான் பிராய்லர் நாடு. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் கோழி வளர்க்கிறார்கள். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. ஷெட், தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். இறப்பு கூடினாலும், எடைக்கு உரிய அளவைவிடத் தீவனம் கூடுதலாகச் செலவானாலும் கூலியில் கை வைப்பார்கள். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்ற கணக்கை விவசாயி வகுக்கவில்லை. அவர் மனது வைத்து இரண்டு சதுர அடி விட்டால் அந்த பேட்ச்சில் பாதி வருமானம் போய்விடும். அதனால் இந்தக் கொடுமைக்கு அவரை நிறுத்திக் கேள்வி கேட்பது நியாயமல்ல.

40 கிராம் குஞ்சு 38, 40 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது. சதை ஏறும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் பல கோழிகள் தீவனத் தட்டுக்கு நடப்பதைத் தவிர வேறெதற்கும் எழுவதில்லை. கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூளும் எச்சமும் ஈரத்தில் கலந்து அம்மோனியா கிளம்பும். அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும் கோழிக்குக் கால் மூட்டு வெந்துபோகும்.

இதைத் தெரிந்துகொள்ளப் பண்ணைக்குப் போக வேண்டியதில்லை. கடைக்காரர் காலை வெட்டி வீசுவதற்கு முன் மஞ்சள் கால் முடிந்து தொடை தொடங்கும் அந்த மூட்டைப் பாருங்கள். அங்கே பழுப்பாகவோ கறுப்பாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் அது ஈர நார்த்தூளில் நாள் கணக்கில் உட்கார்ந்த கோழி. இறக்கை அடியிலும் தொடையிலும் ரத்தக்கட்டு இருந்தால் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் சற்றுமுன் பட்ட அடி. கருநீலம் என்றால் முந்தைய இரவு பிடிக்கும்போதோ கிரேட்டில் திணிக்கும்போதோ பட்டது. பச்சை படிந்திருந்தால் ஒரு நாளைக்கு மேல் பழசு, ஷெட்டிலேயே பட்டது. ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்குவதால்தான் மூட்டு விலகுகிறது. இரண்டு கையாலும் உடம்பைச் சேர்த்துப் பிடித்தால் விலகாது. ஆனால் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் ஏற்றவேண்டிய ஆட்களுக்கு அதற்கு நேரம் கொடுப்பதில்லை.

பிறகு மலைப்பாதை. பிடிப்பதற்குப் பல மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். வெறும் வயிற்றோடு, நெஞ்சில் இறகு சரியாக மூடாத கோழி, வத்தலகுண்டு வெயிலிலிருந்து கொடைக்கானல் சாரலுக்கு இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறது.

"அப்படியென்றால் மலையிலேயே வளர்த்தால் என்ன?" என்று கேட்பார்கள். அது இதைவிடக் கெடுதல். முதல் வாரக் குஞ்சுக்கு 33 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும். 7,000 அடி உயரத்தில் அந்தச் சூட்டைத் தக்கவைக்கும் செலவு ஒருபுறம் இருக்கட்டும். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு. குளிரில் உடம்பைச் சூடாக வைக்க ஆக்சிஜன் அதிகம் தேவை. வேகமாக வளரும் பிராய்லரின் இதயத்தின் வலப்பக்கம் இரண்டுக்கும் நடுவில் மாட்டி வீங்கும், வயிற்றில் நீர் கோத்துச் செத்துப்போகும். உலகில் இந்த நோயை முதலில் கவனித்ததே உயரமான மலைப்பகுதிகளில்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கறிக்கோழியின் தாய்க்கோழிக்கும் அதே அசுர வளர்ச்சி உடம்பில் இருக்கிறது. வயிறாரத் தின்றால் முட்டையிட முடியாத அளவு பெருத்துவிடும் என்பதால் அதற்குத் தீவனத்தை அளந்துதான் போடுவார்கள். அதன் வளரும் பருவம் முழுதும் பசியிலேயே கழிகிறது.

பிராய்லருக்காகச் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1 கிலோ உயிர் எடைக்கு 1.6 முதல் 1.8 கிலோ தீவனம் போதும். ஆடு மாடு அசைபோட்டு வெளிவிடும் மீத்தேன் கோழியில் இல்லை. பூமி சூடாவதை மட்டும் அளவுகோலாக வைத்தால் கோழிதான் ஜெயிக்கும். வதையை அளவுகோலாக வைத்தால் கோழி கடைசி இடம். இரண்டையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழி, எந்தக் கறியானாலும் அளவைக் குறைப்பது.

மருந்து விஷயத்தில் சிறு முன்னேற்றம் நடந்திருக்கிறது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்க 2019இல் மத்திய அரசு தடை போட்டது. நெருக்கடியான ஷெட் இருக்கும்வரை வேறு மருந்துகளின் தேவை மட்டும் நீங்காது.

முட்டை

பார்வைக்கு ரத்தம் இல்லாத பண்டம். நாமக்கல் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளைவிடக் குறைவு. 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி வருடத்துக்கு 300க்கு மேல் இட்டு, ஒன்றரை வயதை ஒட்டிக் கழிக்கப்படும் வரை அது இறக்கையை முழுதாக விரித்திருக்காது. அந்த இனத்தின் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் போடாது. ஆகவே பொரித்த அன்றே அதைக் கொன்றுவிடுகிறார்கள். முட்டைக்கோழி எத்தனையோ ஏறத்தாழ அத்தனை சேவல் குஞ்சு. முட்டை ஓட்டின் நிறத்தை நம்ப வேண்டாம், பழுப்பு முட்டையிடும் கூண்டுக்கோழியும் உண்டு.

ஆனாலும் சத்துணவில் மலைக்கிராமப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முட்டையை இந்த வாதத்தால் யாரும் பறிக்கக் கூடாது. வேறு நல்ல புரதம் தட்டுக்கு வராத பிள்ளைகள் அவர்கள். மாற வேண்டியது வாங்கும் வசதியும் தேர்வும் உள்ள வீடுகள்.

ஆடு

2003இல் கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதற்கு எதிரான 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்த தமிழக அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பி 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. அந்த வாதப் பிரதிவாதம் முழுதும் குலதெய்வத்தின் முன்னால் நிற்கும் கிடாயைப் பற்றியே நடந்தது. அதே ஆண்டுகளில் ஷெட்டுகளில் கோடிக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்த கோழிகளை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. கிடாயாவது பல மாதம் மேய்ந்தது, முட்டி விளையாடியது, பால் குடித்தது. வெட்டியவனுக்கு அதன் முகம் தெரியும்.

மேய்ச்சல் ஆட்டின் வாழ்க்கை நல்லது. சிக்கல் அதன் கடைசி இரண்டு நாளில் இருக்கிறது. வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் கைமாறும் ஆடு, சின்ன வண்டியில் காலைக் கட்டித் திணிக்கப்பட்டு, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வரும். இறங்கியதும் தண்ணீர் கிடைக்காமல், மற்ற ஆடு அறுபடுவதைப் பார்த்தபடி நிற்கும். வாங்குகிறவர் கடையில் மூன்று கேள்வி கேட்கலாம். ஆடு வந்து ஒரு ராத்திரியாவது ஆறியதா? தண்ணீர் காட்டினீர்களா? அறுக்கும் இடமும் கட்டும் இடமும் வேறு வேறா? பதற்றத்தில் அறுபட்ட ஆட்டின் கறி கருத்து, வேகாமல் இறுகும் என்பது கடைக்காரருக்கே தெரியும். ஆகவே இதைக் கேட்பது அவருக்கு விரோதமாகத் தோன்றாது.

இதைவிட நல்லது, கீழ்மலை ஊர்களில் இன்னும் இருக்கும் கூறுக்கறி. பத்து வீடு சேர்ந்து உள்ளூரில் மேய்ந்த ஒரு கிடாயை வாங்கி, அறுத்து, தலை, கால், குடல், ஈரல், ரத்தம் எதுவும் வீணாகாமல் கூறு போடுவது. பயணம் கிடையாது. ஒரு உயிர் பத்து வீட்டுக்குப் போகிறது. மாதம் ஒருமுறைக்கு மேல் நடக்காது என்பதும் நல்லதுதான்.

மேய்ச்சலுக்கும் எல்லை உண்டு. கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. சோலையும் புல்வெளியும் கலந்த காட்டுக்குள் ஆடு போனால் முளைத்து வரும் சோலை மரக்கன்று தப்பாது. அதனால் ஆட்டுக்கறிக்கு எல்லோரும் மாறிவிடுவது தீர்வாகாது.

நாட்டுக்கோழி, பெயரும் நிஜமும்

இந்தப் பெயரில்தான் ஏமாற்று அதிகம். முற்றத்தில் மேய்ந்த அசல் கோழி ஒன்றேகால் கிலோ வர ஐந்தாறு மாதம் ஆகும். கடைக் கூண்டில் ஒரே வயதில், ஒரே அளவில் முப்பது நிற்கிறதென்றால் அவை ஷெட்டில் தீவனம் போட்டு மூன்று மாதத்தில் வளர்த்த கலப்பினம். அலகைப் பாருங்கள். மேல் அலகின் நுனி கூர்மையாகக் கீழே வளைந்திருந்தால் இயல்பான கோழி. மொட்டையாக, கீழ் அலகைவிடக் குட்டையாக இருந்தால் குஞ்சிலேயே சூடான கத்தியால் வெட்டியது. நெருக்கடியில் ஒன்றை ஒன்று கொத்திக் கொல்லாமல் இருக்கத்தான் அப்படி வெட்டுவார்கள். அலகு வெட்டிய கோழிக்கு நாட்டுக்கோழி விலை கொடுக்காதீர்கள்.

தண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இடமுள்ளவர்களுக்குச் சொந்தமாக வளர்ப்பதே மேல். ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். அடைக்கு 10 முதல் 12 முட்டை, 21 நாள். தாயின் சூட்டிலேயே குஞ்சு குளிரைத் தாண்டிவிடும். கோழி மொத்தமும் போவது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சலால். அதற்கான தடுப்பு மருந்து 7ஆம் நாள் கண்ணில் சொட்டு, 8ஆம் வாரம் இறக்கையில் ஊசி, இரண்டும் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் கிடைக்கும். மீதி இழப்பு மரநாயாலும் கீரியாலும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய, கம்பிவலை கிழியாத கூடு ராத்திரிக்குக் கட்டாயம். இப்படி வளர்த்தால் மாதம் இரண்டு சேவலுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அறுப்பதிலும் கவனம் வேண்டும். கடைகளில் கழுத்தை ஒரு பக்கம் கீறி டிரம்முக்குள் போடுவதுதான் பெரிய கொடுமை. மொட்டைக் கத்தியால் ஒரு குழாய் மட்டும் அறுபட்ட கோழி உள்ளே வெகுநேரம் துடிக்கும். தகரக் கூம்பில் தலைகீழாக இறக்கி, தாடைக்குக் கீழே இரண்டு பக்க ரத்தக்குழாயும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். துடிப்பு முழுதும் அடங்க இரண்டு நிமிடம் பொறுத்த பிறகே வெந்நீர்.

முயலும் பாலும்

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி, முயல் ஆராய்ச்சி மையம் இருப்பதால் மேல்மலையில் பண்ணை முயல் கறி பழக்கமானது. குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் அதுவும் கம்பித் தரைக் கூண்டு வாழ்க்கைதான். பாதத்தில் புண் இல்லாமல் வளர்க்க உள்ளே ஒரு மரப்பலகையாவது போட வேண்டும். காட்டு முயலைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

பாலை மட்டும் குடித்துக் கை சுத்தம் என்பவர்களுக்கு ஒன்று. கன்று ஈனாமல் பால் இல்லை. ஈனும் ஜெர்சிக் கலப்புக் கன்றுகளில் பாதி காளை. அதை ஏர் பூட்ட ஆளில்லை, வீட்டில் வைத்துத் தீவனம் போடவும் ஆளில்லை. அது போகும் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெட்டைக் கன்று மட்டும் பிறக்கும்படி பிரித்த விந்தூசி இப்போது கிடைக்கிறது. பத்தில் ஒன்பது பெட்டையாகப் பிறக்கும். மாடு வளர்க்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

டபுள் பீன்ஸ்

வதைக் கணக்கில் எல்லாவற்றையும் தாண்டி நிற்பது நம் மலைச் சரக்கே. காய்ந்த டபுள் பீன்ஸ் 100 கிராமில் 20 கிராம் புரதம், எலும்பில்லாத கோழிச் சதையிலும் ஏறத்தாழ அவ்வளவே. பீன்ஸ் தோட்டத்திலும் ரத்தம் சிந்தாமல் இல்லை. காட்டுமாட்டைத் திருட்டுக் கரண்ட் கொல்கிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி, வாய் கிழிந்து சாகும் சாவைத் தருகிறது. சோலார் வேலி அதிர்ச்சி மட்டும் கொடுக்கும், கொல்லாது. அப்படி வேலி போட்ட தோட்டத்தைத் தெரிந்தால் அங்கே வாங்குங்கள்.

பலர் பீன்ஸுக்கு மாறிவிட்டு ஒரே மாதத்தில் கைவிடுவது வேகாததால். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்கில் வைத்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும். 10 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டபுள் பீன்ஸில் இயற்கையாகவே உள்ள நச்சு ஓரளவு அதில் இறங்கும், வயிற்று உப்புசமும் குறையும். புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில், கீழே நான்கு விசில் என்றால் இங்கே ஆறு. புளி, தக்காளி வெந்த பிறகுதான். முதலிலேயே போட்டால் தோல் இறுகிவிடும். ஒரு வருடம் கடந்த பழைய விதை என்ன செய்தாலும் மசியாது. சிவப்பு ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்தில் அரைவேக்காடாக இறக்கினால் வாந்தி, பேதி நிச்சயம், அதற்குக் குக்கர் கட்டாயம்.

பூம்பாறைப் பூண்டு, சோம்பு, மிளகு அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சோற்றின் இடம் காலியாகத் தெரியாது. கறி, முட்டை, பால் மூன்றையும் முழுக்க விடுகிறவர்கள் பி12 மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். கீரையிலோ காளானிலோ நம்பும் அளவுக்கு அது கிடையாது. கைகால் மரத்துப்போகும்வரை காத்திராமல் வருடம் ஒருமுறை ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.