கத்தி திறம், உறைதான் பிழை

போன கிழமை ஒரு தம்பி தொலைபேசியில் கேட்டான்: "அண்ணை, வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிட்டன். இனி கத்திதான் மிச்சம். நீங்கள் வச்சிருக்கிற அந்த மரப்பிடிக் கத்தியையே வாங்கட்டோ?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கேட்ட நேரம் அந்தக் கத்தியின் தோலுறைதான் என் மடியில் கிடந்தது. பிரிந்துபோன தையலை மெழுகு நூலால் தைத்துக்கொண்டிருந்தேன். இது மூன்றாவது தடவை. கோபத்தோடு சொல்லும் பதில் நியாயமாக இராது என்பதால், "எழுதி அனுப்புறன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

11 வருடமாக இந்தக் கத்தி என் இடுப்பில் இருக்கிறது. நோர்வேயில் செப்டெம்பர் 25 எல்க் வேட்டை திறக்கும் நாள். அன்று விடிய நம்டாலன் பக்கக் காட்டில் எங்கள் குழுவோடு நிற்பேன். எல்க் என்பது வட அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே, அதே பெரிய மான். யார் சுட்டு விழுத்தினாலும் குடலெடுக்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும். 90களில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் கரையில் மீன் ஆலைகளில் நின்ற எங்கட ஆட்களுக்குக் காரணம் விளங்கும். நாள் முழுக்கக் கொட் மீனைப் பிளந்த கைக்கு எலும்பு எங்கே முடிகிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது என்று கண்ணில்லாமலே தெரியும்.

செய்த கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. கத்தியின் அமைப்பைச் சொல்கிறேன். அலகு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். நடுவில் கார்பன் கூடின கடும் உருக்கு, இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு, ஒன்றாக அடித்து ஒட்டியது. கருக்கில் மட்டும்தான் கடும் உருக்கு வெளியே தெரியும். அதனால் தீட்டுவது லேசு: மென்மையான பக்கம் கல்லில் சீக்கிரம் தேய்ந்து கொடுக்கும், கருக்கு மட்டும் நின்று பிடிக்கும். பிடி பேர்ச் மரம், உள்ளங்கையில் நடு கொஞ்சம் பருத்து நிற்கும். வருடத்துக்கு இரண்டு தடவை ஆளிவிதை எண்ணெய் பூசுவேன். இரத்தமும் கொழுப்பும் பட்டாலும் வழுக்காது. குளிர் நாளில் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடித்தால் மரம் மரம்தான், விரலைக் கடிக்காது.

10 சென்ரிமீற்றர் போதுமோ என்று புதிதாக வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். போதும். எல்க் பெரிதென்று 15 சென்ரிமீற்றர்க் கத்தி வாங்கினால், வயிற்றுக்குள் கை மறைந்தபிறகு முனை எங்கே நிற்கிறதென்று உனக்கே தெரியாது. நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டுமென்றால் அதற்கு வாள் இருக்கிறது.

முனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் வருடம், பின்னேரம், இருட்டுகிற நேரம், ஒரு கன்று விழுந்தது. நான் அவசரப்பட்டுக் கருக்கைக் கீழே வைத்து வயிற்றைத் திறந்தேன். சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு பச்சைத் தண்ணீர், அரைபட்ட இலைச் சக்கை, அந்த மணம். இரைப்பையைக் குத்திவிட்டேன். எங்கள் குழுத் தலைவர் ஏசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கருக்கை வானம் பார்க்க வைத்தார். இடக்கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுச் சவ்வைத் தூக்கச் சொல்லி, அந்த விரல்களுக்கு நடுவில் அலகை வைத்து, முன்னுக்குத் தள்ளச் சொன்னார். சட்டைச் சிப் திறப்பது மாதிரிப் போனது. ஆனால் முதுகெலும்பின் கீழே வயிற்றுக்குள் ஒட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மெல்லிய இறைச்சித் துண்டுகள், உள்ள இறைச்சியில் ஆகப் பதமானவை, பழுதாகிவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை ஓர் இரைப்பையும் ஓட்டையாகவில்லை. உணவுக்குழாயை முதலில் முடிந்துவிடுவேன். தோலை எப்போதும் உள்ளிருந்து வெளியே வெட்டுவேன். எல்க்கின் மயிரில் மண்ணும் மணலும் இருக்கும், வெளியிலிருந்து வெட்டினால் எந்தக் கம்பனிக் கத்தியும் பத்து நிமிடத்தில் மழுங்கும்.

இவ்வளவும் கத்திக்கு. இனி உறை.

இந்த ஊர் மரபுப்படி உறை ஆழமானது. கத்தியின் பிடியில் பாதிக்கு மேல் உள்ளே போகும், பட்டியோ பொத்தானோ இல்லை, தோலின் இறுக்கம்தான் பிடித்து வைத்திருக்கும். கடையில் பார்க்க அழகு. காட்டில் என்ன நடக்கிறதென்றால், வேலைக்கு நடுவே துவக்கை நகர்த்தவோ கயிறு இழுக்கவோ கத்தியை உறைக்குள் போடுகிறாய். பிடியில் இருந்த இரத்தமும் கொழுப்பும் அப்படியே உள்ளே போகின்றன. துடைத்துவிட்டுத்தான் போடுகிறேன், ஆனால் பாசியிலும் புல்லிலும் துடைத்தது எவ்வளவுக்குப் போகும்? தோல் எல்லாவற்றையும் குடித்துவிடும். உறையைப் புரட்ட முடியாது, உள்ளே விரல் போகாது. தண்ணீரில் ஊறப்போட்டால் சுருங்கும். ஒரு தடவை அடுப்படியில் காயவைத்தேன், பலகை மாதிரி விறைத்து வாயில் வெடித்தது. சேணச் சவுக்காரம், வினாகிரி, குளிர்பெட்டியில் ஒரு மாதம் என்று எல்லாம் செய்து பார்த்தேன். தேன்மெழுகை உருக்கி உள்ளே ஊற்றினேன், அடுத்த வேட்டையில் அந்த மெழுகு அலகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் குழுவில் ஒரு சாம்பல் நிற எல்க் நாய் இருக்கிறது. யூன் மாதம் அந்த வீட்டுக்குக் கோப்பி குடிக்கப் போனால்கூட, காரின் பின்பெட்டியில் கிடக்கும் உறையைத் தேடி வந்து மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். ஒன்பது மாதத்துக்கு முந்தின இரத்தம் அதுக்குத் தெரிகிறது. அப்படியொரு பொருளுக்குள்தான் நாளை சாப்பிடப்போகும் இறைச்சியை வெட்டும் கத்தியை வைத்திருக்கிறேன் என்று நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஈரம் போகாத தோல் அலகையும் தின்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள், களைப்பில் கத்தியை உறையோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலை எடுத்தால் அலகின் வயிற்றில் மிளகளவு மூன்று துருப்புள்ளிகள். தேய்த்தும் முழுக்கப் போகவில்லை, குழி நிற்கிறது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "தோல் அப்படித்தான், இதுதான் மரபு" என்றார். மரபென்றால் கழுவக்கூடியதாகச் செய்ய ஏலாதா? அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டை போட்டால் யாருடைய மரபு கெடும்?

இந்தக் கோபத்தில்தான் மோரா வாங்கினேன். சுவீடனில் மோரா என்ற ஊரின் பெயரில், 1891இல் தொடங்கின பட்டறையின் வழி வந்த கத்தி. கொம்பானியன் என்ற வகை, செம்மஞ்சள் பிடி, 12சி27 என்ற துருப்பிடிக்காத உருக்கு, 2.5 மில்லிமீற்றர்த் தடிப்பு. விலை, இரண்டு பேர் கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் காசைவிடக் குறைவு. மகன் பழக என்று வாங்கினது. மூன்று சீசன் நானே பாவித்துவிட்டேன். பிளாஸ்ரிக் உறை, அடியில் ஓட்டை. வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணியும் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றிக் குலுக்கினால் முடிந்தது. பாசிக்குள் விழுந்தாலும் அந்த நிறம் கண்ணில் குத்தும். மரப்பிடியை நான் இரண்டு தடவை கைவிளக்கு வெளிச்சத்தில் முழங்காலில் நின்று தேடியிருக்கிறேன். கருக்கு மரப்பிடியைவிடக் கொஞ்சம் முன்னுக்கே மழுங்கும், அது உண்மை. சட்டைப்பையில் ஒரு வைரத்தூள் கோல் இருந்தால் நாலு இழுப்பில் திரும்பி வரும்.

வேறு கத்திகளும் கையில் பட்டிருக்கின்றன. முதுகில் கொக்கி உள்ள கத்தி வயிற்றுத் தோல் திறக்க நல்லது, கொக்கியைத் தீட்டுவது கரைச்சல். அலகு மாற்றும் சத்திரக்கத்தி மாதிரியானவை பயங்கரக் கூர், மூட்டில் கொஞ்சம் முறுக்கினால் உடையும். உடைந்த துண்டை இறைச்சிக்குள் தேட நான் தயாரில்லை. மடக்குக் கத்தி வேண்டவே வேண்டாம், மூட்டுக்குள் போன கொழுப்பை எடுக்க ஊசி வேணும்.

ஊரில் தீபாவளிக்குப் பங்கு இறைச்சி போடுவார்கள். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கிடாய். வேப்பமரக் கொப்பில் தொங்கவிட்டு மாமா ஒருவர் உரிப்பார். லொறி வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்துக் கொடுத்த கத்தி, தீட்டித் தீட்டி விரலளவு ஒடுங்கினது. அதற்கு உறையே கிடையாது. வேலை முடியச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கூரைக் கிடுகுக்குள் செருகிவிடுவார். காற்றும் புகையும் பட்டுக் காய்ந்து கிடக்கும். அந்தக் கத்தி ஒருநாளும் மணந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே எங்கள் குழுவிலும் அதே பங்குதான். கொட்டகையில் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி 40 பாகை வந்ததும் இறக்குவோம். 4 பாகையென்றால் பத்து நாள். பிறகு வெட்டிக் கூறு போட்டு, சீட்டுக் குலுக்கி எடுப்போம். முதல் வருடம் என் கூறுக்கு முன்னால் நின்றபோது வேப்பமரத்தடிதான் கண்ணில் வந்தது.

ஆகவே தம்பி, மோராவை வாங்கு. செம்மஞ்சளில் வாங்கு, ஒரு வைரத்தூள் கோலும் வாங்கு. மரப்பிடியை வாங்காதே, அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்கலாம். வேட்டைக்குப் போகும் வழியில் இடுப்பில் கட்டிக்கொண்டு பெற்றோல் கடைக்குள் போகாதே, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். காரின் பின்பெட்டியில் போட்டு வை.

25ஆம் திகதி விடிய உன் கத்தியைக் கொண்டுவா, தீட்டித் தருகிறேன். என் இடுப்பில் மரப்பிடிதான் இருக்கும். உறையில் இன்னும் நாலு விரல் அகலத்துக்குத் தையல் மிச்சம் கிடக்கிறது, இன்றிரவு முடித்துவிடுவேன்.